மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டு: எது பழுதானால் எங்கே பார்ப்பது

காலையில் பல் தீட்டும்போது வாயில் எடுத்த தண்ணீர் ஒரு பக்கத்தால் வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் மறுபக்கம் இழுபட்டுக் கிடக்கிறது. திருகோணமலையில் ஒரு வீட்டில் இப்படி நடந்தால் இரண்டு பேச்சு எழும். ஒருவர் பாரிசவாதம் என்று பதறுவார். இன்னொருவர் "கச்சான் காத்துப் பட்டிருக்கு, எண்ணெய் போட்டு உருவினாச் சரி" என்பார். அங்கே நிற்கும் எவரும் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது: நெற்றி. "அம்மா, புருவத்தை மேலே தூக்குங்கோ" என்று சொல்லுங்கள். இரண்டு பக்க நெற்றியிலும் சுருக்கம் விழுந்து வாய் மட்டும் கோணினால் பழுது மூளைக்குள். ஒரு பக்க நெற்றி சுருக்கமே இல்லாமல் கிடந்து, அந்தப் பக்கக் கண்ணும் மூடாவிட்டால், பழுது பெரும்பாலும் மூளைக்கு வெளியே, முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பில்.

முகத்தில் ஒரு தசை அசைகிறதா இல்லையா என்று பார்த்தே, எலும்புக்குள் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்ல முடிகிறது. மண்டையோட்டு நரம்புகளைப் படிப்பதன் பயன் இதுதான். பன்னிரண்டு பெயரையும் வரிசையாகப் பாடமாக்குவது பரீட்சைக்கு உதவும். நோயாளிக்கு உதவுவது ஒவ்வொரு நரம்பும் எங்கே புறப்படுகிறது, எந்தத் துளையால் வெளியே வருகிறது, வழியில் எதன் பக்கத்தால் போகிறது என்ற அறிவு.

முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்புகள் 31 சோடி. மூளையிலிருந்து நேரே புறப்படுபவை 12 சோடி. இந்தப் பன்னிரண்டு என்ற வரிசையை 1778 இல் வகுத்தவர் ஜேர்மன் உடற்கூற்றியலாளர் சொம்மெரிங். எண்கள் மூளையின் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகின்றன. முதல் இரண்டும் மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தவை. மற்றவை மூளைத் தண்டைச் சேர்ந்தவை: 3, 4 அதன் மேற்பகுதியில், 5 முதல் 8 வரை நடுப்பகுதியிலும் அதன் கீழ் விளிம்பிலும், 9, 10, 12 அதன் கீழ்ப்பகுதியான நீள்வளையமையவிழையத்தில். 11 மட்டும் கழுத்து முண்ணாணிலிருந்து மேலேறி, மண்டையோட்டுக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வருகிறது. வார்ட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை, "தேர்ட் நேர்வ்", "செவன்த் நேர்வ்" என்று எண்தான். இங்கேயும் எண்ணையே முன்னால் வைக்கிறோம்.

வேலையைப் பொறுத்து மூன்று கூட்டம். 1, 2, 8 ஆகியவை புலனை மட்டும் உள்ளே கொண்டுவருபவை. 3, 4, 6, 11, 12 தசையை அசைப்பவை. 5, 7, 9, 10 இரண்டையும் செய்பவை. இவற்றில் 3, 7, 9, 10 ஆகிய நான்கும் கண்மணி, கண்ணீர், உமிழ்நீர், இதயம், குடல் என்று நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகளையும் சுமக்கின்றன.

மணமும் பார்வையும்

முதலாவது, முகர் நரம்பு. மூக்கின் கூரையில் சிறு துளைகள் நிறைந்த மெல்லிய எலும்புத் தட்டு ஒன்று உண்டு. நூலிலும் மெல்லிய நரம்பிழைகள் அந்தத் துளைகளால் மேலேறி மூளையின் அடிப்பக்கத்தை அடைகின்றன. நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பின்தலை அடிபட்டவரின் மூளை ஒரு கணம் முன்னும் பின்னும் ஆடும்போது இந்த இழைகள் அறுந்துவிடலாம். காயம் ஆறி வீட்டுக்கு வந்தபின் "கறியில ருசியே இல்ல" என்பார். நாக்கில் பழுது இருக்காது. உப்பு, புளி, இனிப்பு, கசப்பு தெரியும். மீன் கறிக்கும் பருப்புக்கும் உள்ள வேறுபாடு தெரியாது, ஏனென்றால் அது மணத்தால் அறிவது. எரிவாயு கசிவதும் சாப்பாடு பழுதாகியிருப்பதும் இவருக்குத் தெரியாது என்பதை வீட்டார் மனதில் வைத்திருக்க வேண்டும். அடிபட்ட பின் மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் அது மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கலாம். மூக்கைச் சீறாமல், பஞ்சு அடைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோதிக்கும்போது கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியைப் பொத்தி, மற்றதற்குக் கோப்பித் தூளையோ சவர்க்காரத்தையோ காட்டுங்கள். பிறகு நாசியை மாற்றுங்கள். தலையிடிக்குப் பூசும் பாம் வகைகளைக் காட்டக்கூடாது. பலர் செய்யும் பிழை இது. மென்தோலின் குளிர்ச்சியும் எரிவும் ஐந்தாவது நரம்பால் உணரப்படுபவை. முகர் நரம்பு முழுவதும் அறுந்தவரும் "தெரியுது" என்பார்.

இரண்டாவது, பார்வை நரம்பு. ஒரு கண்ணுக்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். இதன் சிறப்பு, கண் வைத்தியரின் கருவியால் கண்மணியூடாக இதன் நுனியை நேரடியாகப் பார்க்கலாம் என்பது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்த நுனி வீங்கியிருக்கும். இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கும் இடத்தில், மூக்குப் பக்க விழித்திரையின் இழைகள் மட்டும் பக்கம் மாறுகின்றன. அந்தச் சந்திப்புக்குக் கீழே கபச்சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்தால் நடுவே மாறும் இழைகள் நசிந்து, இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை குறையும். இவர் எழுத்துப் பலகையை 6 மீற்றரிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிடுவார். ஆனால் வீதியில் பக்கத்தால் வரும் ஓட்டோவில் மோதுவார். அதனால் எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், எதிரே அமர்ந்து, விரலைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே கொண்டுவந்து, எப்போது தெரிகிறது என்று கேட்க வேண்டும்.

கண்ணை அசைக்கும் மூன்று

ஒரு கண்ணை ஆறு தசைகள் திருப்புகின்றன. வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது நரம்பு. மேற்சாய்வுத் தசைக்கு நாலாவது. மீதி நாலுக்கும், இமையைத் தூக்கும் தசைக்கும், கண்மணியைச் சுருக்கும் தசைக்கும் மூன்றாவது.

"ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, ஒரு கண்ணைப் பொத்தினால் என்ன ஆகிறது என்பது. எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒன்றாகிவிட்டால் கண்கள் இரண்டும் ஒரே திசையில் திரும்பவில்லை என்று பொருள். நரம்பையும் தசையையும் பார்க்க வேண்டும். ஒரு கண்ணைப் பொத்தியும் மற்றக் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால் அது கண்ணுக்குள் உள்ள கோளாறு: கண்புரை, கண்ணாடி மாற்ற வேண்டிய நிலை போன்றவை. அரை நிமிடக் கேள்வி இது, அலைச்சல் எவ்வளவோ குறையும்.

பிறகு தலையை அசைக்காமல் உங்கள் விரலைப் பின்தொடரச் சொல்லுங்கள். அரை மீற்றர் தூரத்தில் விரலைப் பிடித்து, இடம், வலம், இரு ஓரங்களிலும் மேல், கீழ் என்று மெதுவாக நகர்த்துங்கள். எந்தத் திசையில் இரண்டு உருவமும் அதிகம் விலகுகின்றனவோ, அந்தத் திசைக்கு இழுக்க வேண்டிய தசை பலவீனம்.

மூன்றாவது நரம்பு முழுவதும் பழுதானால் இமை விழுந்துவிடும். விரலால் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமும் கீழும் திரும்பிக் கிடக்கும். இனித்தான் முக்கியமான பார்வை: டோர்ச் அடித்துக் கண்மணியைப் பாருங்கள். கண்மணியைச் சுருக்கும் இழைகள் இந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து எது அமுக்கினாலும் முதலில் நசிபவை அவை. பல வருடம் சீனி வருத்தம் உள்ளவருக்கு நரம்பின் உட்பகுதிக்குப் போகும் நுண்குழாய்கள் அடைபடும்போது இமை விழும், கண் திரும்பாது, ஆனால் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும். இது மூன்று மாதமளவில் பெரும்பாலும் தானே தேறும். கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருந்தால் மூளையின் அடியில் ஓர் இரத்தக் குழாய் புடைத்து நரம்பை அமுக்குகிறது என்று கொள்ள வேண்டும், கூடவே கடுமையான தலையிடி என்றால் இன்னும் நிச்சயமாக. அந்தப் புடைப்பு வெடிக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் செய்ய வேண்டிய நிலை அது. கண்மணி தப்பியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். விரிந்திருந்தால் ஒரு மணி நேரமும் பொறுக்கக்கூடாது.

தலையில் அடிபட்டவரைக் கவனிக்கும் தாதியர் மீண்டும் மீண்டும் டோர்ச் அடிப்பதும் இதற்காகவே. மண்டைக்குள் இரத்தம் தேங்கி மூளை ஒரு பக்கம் தள்ளப்படும்போது மூன்றாவது நரம்பு நசிகிறது. சற்றுமுன் இரண்டும் சமனாக இருந்து, இப்போது ஒன்று பெரிதானால் சத்திர சிகிச்சையாளரை அழைக்கும் நேரம். ஒரு கண்ணில் ஒளி விழும்போது இரண்டு கண்மணியும் சுருங்க வேண்டும். செய்தி இரண்டாவது நரம்பால் உள்ளே போகிறது, பதில் மூன்றாவதால் இரு பக்கமும் வருகிறது. வலக்கண்ணில் அடித்தபோது இரண்டும் சுருங்காமல், இடக்கண்ணில் அடித்தபோது இரண்டும் சுருங்கினால் பழுது வலப்பக்கப் பார்வை நரம்பில்.

நாலாவது, கப்பி நரம்பு. எல்லாவற்றிலும் மெல்லியது. மூளைத் தண்டின் பின்பக்கத்தால் வெளிவருவது இது ஒன்றே. சுற்றி வரும் தூரம் நீளம், ஆதலால் தலையடியில் இலகுவாகப் பழுதாகும். இது கண்ணை உட்பக்கம் திருப்பிய நிலையில் கீழே இறக்கும் நரம்பு. பழுதானவர் கோணேசர் கோயிலுக்குப் படியேறிப் போய்விடுவார், இறங்கும்போது படி இரண்டாகத் தெரிந்து தடுமாறுவார். பேப்பர் வாசிக்கும்போதும் அப்படியே. தலையை மறுபக்கத் தோளை நோக்கிச் சாய்த்தால் உருவங்கள் ஒன்றாகும் என்பதால் தெரியாமலே தலையைச் சாய்த்து வைத்திருப்பார். "கழுத்துப் பிடிச்சிருக்கு" என்று எண்ணெய் தேய்ப்போரும் உண்டு.

ஆறாவது பழுதானால் கண் வெளிப்பக்கம் போகாது, உட்பக்கம் மாறுகண் விழும். மண்டைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் இந்த நரம்பு இழுபடும். அதனால் பிள்ளைக்கு வாந்தியும் காலைத் தலையிடியும் இருந்து, புதிதாக மாறுகண்ணும் விழுந்தால், கண்ணாடிக் கடைக்கல்ல, பிள்ளை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இங்கே ஒரு பாம்புச் செய்தி சொல்லாமல் போக முடியாது. தம்பலகாமம், கந்தளாய் வயற்பக்கங்களில் தரையில் பாய் விரித்துப் படுப்பவரைக் கட்டுவிரியன் இரவில் கடித்தால் வீக்கமோ நோவோ அநேகமாக இருக்காது. வயிற்று நோவு வரலாம். பிறகு இரண்டு இமைகளும் விழும். "நித்திரைக் களையில கிடக்கிறார்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை முடக்குகிறது, முதலில் தெரிவது இமையிலும் கண்ணிலும். அடுத்தது விழுங்கும் தசை, கடைசியில் மூச்சுத் தசை. நாகம் கடித்தாலும் இதே ஒழுங்கு, ஆனால் கடித்த இடம் வீங்கும். ஆகவே காலையில் எழுந்தவர் இமையைத் தூக்க முடியாமல் இருந்தால், "மேலே பாருங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். கடிவாய் தெரியவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள்.

ஐந்தாவது: முகத்தின் உணர்வு

முக்கிளை நரம்பு பன்னிரண்டிலும் பருமனானது. முதற் கிளை நெற்றி, கண், மூக்கு நுனி. இரண்டாவது கொடுப்பு, மேற்சொண்டு, மேற்பல். மூன்றாவது கீழ்ச்சொண்டு, நாடி, கீழ்ப்பல், அதோடு மெல்லும் தசைகள். பஞ்சை நூலாக்கி நெற்றி, கன்னம், நாடி என்று இரு பக்கமும் மாறி மாறித் தொட்டு, ஒரே மாதிரித் தெரிகிறதா என்று கேளுங்கள். தாடையின் பின்மூலைத் தோல் கழுத்து நரம்புகளுக்குரியது. முகம் முழுவதும் விறைத்ததாகச் சொல்பவருக்கு அந்த மூலையில் உணர்வு இருந்தால் ஐந்தாவது நரம்புதான் என்று துணியலாம். மெல்லும் தசைக்குப் பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னப்பொறியிலும் தாடை மூலையிலும் விரல் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் சமனாக இறுக வேண்டும்.

இந்த நரம்பின் வலி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நல்ல பல்லை இழந்தவர்கள் பலர். கன்னத்திலோ தாடையிலோ மின்சாரம் அடித்தது போன்ற வலி, சில விநாடி, கூடினால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமில்லை. பல் தீட்ட, முகம் கழுவ, சவரம் செய்ய, சோறு மெல்ல, மோட்டார் சைக்கிளில் காற்று முகத்தில் பட, திரும்ப அடிக்கும். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், ஒரு பக்கம் மட்டும். அநேகருக்குக் காரணம், மூளைத் தண்டருகே ஓர் இரத்தக் குழாய் நரம்பின் வேரில் உராய்ந்து அதன் உறையைத் தேய்ப்பது. நோயாளி பல் வைத்தியரிடம் போவார், ஒரு பல் கழற்றப்படும், வலி நிற்காது, அடுத்த பல்லும் போகும். பல் நோவு மணிக்கணக்கில் விண்விண் என்று நிற்கும், சூடு குளிருக்குக் கூடும், இரவில் நித்திரையைக் கெடுக்கும். நரம்பு வலி வெட்டி வெட்டிப் போகும், நித்திரையில் பெரும்பாலும் வராது. பனடோல் இதற்குக் கேட்காது. கார்பமசெபின் என்ற மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள், பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். அந்த மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் போக வேண்டும். தெற்காசியர் உட்பட ஆசிய நாட்டவர் சிலருக்கு ஆபத்தான தோல் எதிர்வினை வரும்.

அக்கி முதற் கிளையில் வந்தால் நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் போடும். மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கேயும் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் இரண்டுக்கும் ஒரே சிறுகிளை. காவி பூசிக் காத்திருந்தால் பார்வை போகலாம். வைரசுக்கான மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

மூதூர், கிண்ணியாப் பக்க மீனவருக்குத் தெரிந்த ஒன்று: பேத்தை மீன் சாப்பிட்டவருக்கு முதலில் சொண்டும் நாக்கும் விறைக்கும். அந்த நஞ்சு நரம்பில் செய்தி ஓடுவதையே நிறுத்துகிறது. அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. மாற்று மருந்தும் இல்லை. மூச்சுத் தசை முடங்கும் முன் செயற்கை மூச்சுக் கருவி உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் உயிர் காப்பது. சொண்டு விறைத்தால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் புறப்படுங்கள்.

ஏழாவது: முகத்தின் அசைவு

நெற்றிக் கணக்கு ஏன் சரியாக வருகிறது? முகத்தின் மேற்பகுதிக்கு உத்தரவு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் போகிறது. கீழ்ப்பகுதிக்கு எதிர்ப்பக்கப் பாதியிலிருந்து மட்டும். மூளையின் ஒரு பாதியில் பாரிசவாதம் வந்தால் மற்றப் பாதி நெற்றியைத் தூக்கிக் கொடுக்கிறது, வாய்க்கு உதவ முடிவதில்லை. நரம்பே வெளியே பழுதானால் இரு பாதியின் உத்தரவும் அங்கேயே நின்றுவிடும். பாதி முகம் முழுவதும் அசையாது.

இந்த நரம்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நீளமான குழாயால் வருகிறது. அந்தக் குழாயின் ஒடுங்கிய இடம் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. நரம்பு அழற்சியால் வீங்கினால் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இதுவே பெல்ஸ் பால்சி. 1821 இல் முக நரம்பின் வேலையைப் பிரித்துக் காட்டிய ஸ்கொட்லாந்துச் சத்திர சிகிச்சையாளர் சார்ள்ஸ் பெல்லின் பெயர் அது. காற்றுப் பட்டதால் வருவதில்லை. காதடியில் நோ, பிறகு ஒன்றிரண்டு நாளில் முகம் கோணல், அந்தப் பக்கக் காதில் சத்தம் கூடிக் கேட்பது, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பகுதியில் ருசி குறைவது எல்லாம் சேர்ந்து வரலாம். சத்தத்தை அடக்கும் சிறு தசைக்கும் முன்நாக்கின் ருசிக்கும் இதே நரம்புதான். காதிலோ காதைச் சுற்றியோ கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸ். காதில் சீழ் வடிந்தால் காதுக் கிருமி. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எங்கள் மாகாணத்தில் தொழுநோய் இன்னும் இருக்கிறது என்பதால், கண் மூடாமை மெதுவாக வந்து, தோலில் உணர்வற்ற வெளிறிய தழும்பும் இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

பெல்ஸ் பால்சி வந்தவர்களில் பத்தில் ஏழு பேரளவில் மருந்தில்லாமலே முழுமையாகத் தேறுவார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அந்த எண் கூடும். நாளுக்கு 50 மி.கி. வீதம் 10 நாள் என்பது வழக்கமான முறைகளில் ஒன்று. கடையில் தானே வாங்கிப் போடும் மருந்தல்ல: சீனி வருத்தக்காரருக்கு ஒரே நாளில் சீனி ஏறிவிடும்.

மருந்தைவிடப் பலர் கவனிக்காமல் விடுவது கண். மூடாத கண்ணில் விழிவெண்படலம் காய்ந்து புண்ணாகும். கச்சான் காற்றும் கடற்கரை மணலும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. பகலில் மணிக்கொருமுறை செயற்கைக் கண்ணீர்த் துளி, வெளியே போனால் பக்கமும் மறைக்கும் கண்ணாடி, இரவில் கண் களிம்பு. பிறகு மேலிமையை விரலால் இறக்கி, கண் முழுதாக மூடியதா என்று பார்த்து, மருத்துவ டேப்பை இமையில் ஒட்ட வேண்டும். டேப்பின் அடியில் கண் திறந்திருந்தால் டேப்பே விழியைச் சுரண்டும். கண் சிவந்து நோவெடுத்தால் அன்றே கண் வைத்தியர்.

அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். ஆகவே மூன்று வாரத்தில் அசைவு தொடங்காவிட்டாலும் மனம் விட வேண்டாம். நான்கு மாதமாகியும் எந்த அசைவும் இல்லாவிட்டால் பெல்ஸ் பால்சி என்ற முடிவையே மறுபடி ஆராய வேண்டும். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கலாம். திரும்ப வளரும் இழைகள் வழி மாறிப் போவதும் உண்டு. சிரிக்கும்போது கண் சுருங்கும், சாப்பிடும்போது கண்ணீர் வரும்.

ஓர் எச்சரிக்கை: நெற்றியைப் பார்க்கும் சோதனை வீட்டில் இருந்துகொண்டு "இது பாரிசவாதமில்லை" என்று தீர்ப்பதற்கல்ல. மூளைத் தண்டில் பாரிசவாதம் வந்தால் நெற்றியும் சேர்ந்து விழும். கை கால் பலவீனம், கதை குழறல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம் எதுவும் கூட இருந்தால் 1990. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

எட்டாவது

கேள்வியும் சமநிலையும். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் மந்தமானால் "குடுமி அடைச்சிருக்கு" என்று எண்ணெய் விடுவதே வழக்கம். குடுமியாகவும் இருக்கலாம், நரம்பாகவும் இருக்கலாம். வீட்டிலேயே ஓரளவு பிரிக்க, உதட்டை மூடி "ம்…" என்று ஒலிக்கச் சொல்லுங்கள். மந்தமான காதில் ஒலி கூடிக் கேட்டால் அடைப்பு. நல்ல காதில் கூடிக் கேட்டால் நரம்பு. வைத்தியர் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். நரம்புச் செவிடென்றால் சில நாட்களுக்குள் ஸ்டீரொயிட் தொடங்க வேண்டும். மாதம் கழித்துப் போனால் பலன் குறைவு. வள்ளத்து இஞ்சினுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக இருப்பவரின் கேள்வி மெதுவாகத் தேய்வதைத் திருப்ப முடியாது. 85 டெசிபலுக்கு மேல் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலே காதுக்குக் கேடு, காதடைப்பான் போட்டால் தடுக்கலாம்.

தலைச்சுற்றெல்லாம் நரம்பு அல்ல. படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் சுழன்று நிற்பது உட்காதில் இடம் மாறிய சிறு மணிகளால். தலையைச் சில நிலைகளில் திருப்பும் பயிற்சியால் வைத்தியர் அதைச் சரிசெய்வார்.

தொண்டையில் இருவர்

ஒன்பதும் பத்தும் சேர்ந்தே வேலை செய்பவை. ஒன்பது தொண்டையின் உணர்வையும் பின்நாக்கின் ருசியையும் கொண்டுபோகிறது. பத்து, வேகஸ் நரம்பு, அண்ணத்தையும் குரல்வளையையும் அசைக்கிறது. வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லும்போது உண்ணாக்கு நேரே மேலே போக வேண்டும். ஒரு பக்கம் இழுபட்டால் பழுது மறுபக்கம், நல்ல பக்கம்தான் இழுக்கிறது.

பாரிசவாதம் வந்தவருக்கு "கொஞ்சம் கோப்பி குடிங்கோ" என்று வாயில் ஊற்றுவது நம் வீடுகளில் அன்பினால் நடப்பது. விழுங்கும் தசை முடங்கியிருந்தால் அந்தக் கோப்பி நுரையீரலுக்குப் போகும், இரண்டு நாளில் சளிச்சுரம். விழுங்கலைச் சோதிக்கும் வரை கோப்பி, தீர்த்தம், மாத்திரை எதுவும் வாயால் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நிமிர்த்தி இருத்தி, முதலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுப்பார்கள். இருமல் வருகிறதா, பிறகு கதைக்கும்போது குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வேகஸ் அங்கிருந்து இதயம், நுரையீரல், இரைப்பை, பெருங்குடலின் பெரும்பகுதி வரை போகிறது. இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுபவருக்கு இதயம் மெதுவாவது இதனால். அவரைத் தூக்கி இருத்தாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடும்போது சிலருக்கு இருமல் வருவதும் இதன் சிறு கிளை ஒன்று காதுக் குழாய்த் தோலுக்கு வருவதால்தான். குரல்வளைக்குப் போகும் இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருங்குழாயைச் சுற்றி, மறுபடி மேலேறுகிறது. குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் தொண்டையோடு நெஞ்சையும் படம் பிடிப்பது இதற்காக. சுருட்டு, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால் மூன்று வாரமும் பொறுக்க வேண்டாம்.

பதினொன்றும் பன்னிரண்டும்

பதினோராவது தோளை உயர்த்துவது, தலையைத் திருப்புவது. வலக் கழுத்துத் தசை தலையை இடப்பக்கம் திருப்பும், சோதிக்கும்போது இங்கே பக்கம் மாறிவிடுவோர் அதிகம். கழுத்தில் நெறிக்கட்டி வெட்டி எடுத்த பின் தோள் தாழ்ந்து, கை தலைக்கு மேல் போகாவிட்டால் இந்த நரம்பைச் சோதிக்கக் கேளுங்கள். பன்னிரண்டாவது நாக்கை அசைப்பது. நீட்டிய நாக்கு பலவீனமான பக்கம் சாயும். உண்ணாக்குக்கு நேர்மாறு. நாக்கு வாய்க்குள் ஓய்வாக இருக்கும்போதே புழு நெளிவது போலத் துடித்து, மெலிந்திருந்தால் அது நரம்பியல் வைத்தியர் பார்க்க வேண்டியது.

சேர்ந்து பழுதாகும்போது

தனி நரம்பைவிட, எவை சேர்ந்து பழுதாகின்றன என்பது இன்னும் தெளிவாக இடத்தைக் காட்டும். கண்குழிக்குப் பின்னால் உள்ள இரத்தக் குழிவில் 3, 4, 6, ஐந்தாவதின் மேலிரு கிளைகள் எல்லாம் ஒன்றாகப் போகின்றன. மூக்கிலோ மேற்சொண்டிலோ வந்த கட்டியைப் பிதுக்கி, கிருமி நாளங்களால் உள்ளே போனால், கண் வீங்கி, அசையாமல், நெற்றி விறைத்துப்போகும். சீனி கட்டுப்படாதவருக்கு இதே நிலையோடு மூக்குக்குள் கறுப்பு நிறமும் தெரிந்தால் பூஞ்சணம், மணிக்கணக்கில் பரவும். 7 உம் 8 உம் ஒரே துளையால் நுழைகின்றன. ஒரு காது மெல்ல மெல்ல மந்தமாகி, இரைச்சலும் தள்ளாட்டமும் வந்து, பிறகு அந்தப் பக்க முகமும் தளர்ந்தால் அந்தத் துளையருகே கட்டியைத் தேட வேண்டும். 9, 10, 11 மூன்றும் கழுத்துப் பெருநாளத்தோடு ஒரே துளையால் வெளிவருகின்றன. குரல் கம்மல், விழுங்கக் கஷ்டம், தோள் தாழ்வு மூன்றும் ஒரே பக்கம் என்றால் மண்டையோட்டின் அடித்தளத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். முகத்தில் ஒரு பக்கமும் கை காலில் மறுபக்கமும் பழுது என்றால் அது மூளைத் தண்டு: நரம்பு தன் பக்கத்திலேயே வெளிவந்துவிடுகிறது, கை காலுக்கான பாதை இன்னும் கீழேதான் பக்கம் மாறுகிறது.